வீட்டு டம்பெல்லா, ஜிம் மிஷினா, பார்பெல்லா: அறுபதில் தொடங்குபவரின் கணக்கு

முதுமையில் தசையை வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு 1990-ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்துவந்த, சராசரியாக 90 வயதுடைய 10 பேரை மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 8 வாரம் எடைப் பயிற்சியில் ஈடுபடுத்தினார்கள். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை எதுவோ அதில் 80 சதவீதத்தை, முழங்காலை நீட்டித் தூக்குவதே பயிற்சி. முடிவில் கால்வலிமை சராசரியாக 174 சதவீதமும், நடுத்தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதமும் கூடியிருந்தன. பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில் அந்த வலிமையில் 32 சதவீதம் போய்விட்டது என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. ஆகவே இந்த வயதில் தொடங்கலாமா என்பது இன்று கேட்கவேண்டிய கேள்வி அல்ல. எங்கே தொடங்குவது, எந்தக் கருவியைக்கொண்டு தொடங்குவது, எந்த வழி நான்கு வாரத்தில் நின்றுவிடாமல் நான்கு ஆண்டு தொடரும் என்பவைதாம் மிச்சமிருக்கும் கேள்விகள்.

நான் 61-ஆம் வயதில் தொடங்கினேன். திருச்சியில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகெலும்பு சற்று மெலிந்திருப்பதாக வந்த அறிக்கைதான் என்னை இதற்குள் தள்ளியது. என் கணவருக்கு அப்போது 64, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். இருவரும் இரு வேறு வழிகளில் போனோம், இடையில் வழிகளை மாற்றிக்கொள்ளவும் செய்தோம். அந்த அனுபவத்தையும், அதைச் சரிபார்க்கப் படித்தவற்றையும் சேர்த்து வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

பொதுவாக இந்தத் தேர்வைப் பாதுகாப்பு, செலவு, வசதி என்ற மூன்று தலைப்புகளில் ஒப்பிடுவார்கள். நான் முதலிடம் தருவது வேறொன்றுக்கு: ஒரு கருவியில் இன்று தூக்கும் எடைக்கும் அடுத்துத் தூக்கவேண்டிய எடைக்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு என்பதற்கு. எடைப் பயிற்சியின் அடிப்படையே எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போவதுதான். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரமும் இதுவே; இலேசான எடையைப் பலமுறை ஆட்டிக்கொண்டிருந்த அக்காலச் சிகிச்சை முறைக்கு மாறாக, பத்து முறைக்குமேல் தூக்கமுடியாத அளவுக்குக் கனமான எடையைத் தேர்ந்து, தசை தேறத் தேற அந்த எடையையும் உயர்த்தவேண்டும் என்று அவர் சொன்னார். இருபது வயது இளைஞருக்கு அடுத்த படி எவ்வளவு உயரமாக இருந்தாலும் எப்படியோ ஏறிவிடுவார். அறுபது வயதில் தொடங்குபவருக்குத் தசையைவிடத் தசைநார்கள் மெதுவாகத்தான் பழகுகின்றன. படி உயரமானால் தோளோ முழங்கையோ மூட்டோ முதலில் முணுமுணுக்கும், பிறகு ஆள் வருவதை நிறுத்திவிடுவார்.

இந்த அளவுகோலை முதலில் வீட்டு டம்பெல்லுக்கு வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலோர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். என் கணவர் 2 கிலோ, 3 கிலோ, 5 கிலோ என மூன்று ஜோடி வாங்கினார். பார்க்க ஒழுங்கான வரிசைபோலத்தான் தெரியும். ஆனால் 2-இலிருந்து 3-க்குப் போவது 50 சதவீத ஏற்றம். 3-இலிருந்து 5-க்குப் போவது ஏறக்குறைய 67 சதவீத ஏற்றம். மாதம் 10,000 ரூபாயில் குடும்பம் நடத்திப் பழகியவரிடம் வாடகை மட்டும் திடீரென்று ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது என்று சொல்வதைப்போன்றது இது. 2 கிலோவை 12 முறை தலைக்குமேல் தூக்கிக்கொண்டிருந்தவர் 3 கிலோவை எடுத்தால் நாலைந்து முறையில் கை நின்றுவிடுகிறது; மீண்டும் 2 கிலோவுக்கே திரும்பி, அதையே 20 முறை, 30 முறை என்று எண்ணிக்கொண்டு சலிப்படைகிறார். அந்த 5 கிலோ ஜோடியில் ஒன்று இப்போது எங்கள் மொட்டைமாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

டம்பெல்லின் இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அது கையில் பிடிக்கும் கருவி என்பதால் கைக்கான பயிற்சியாகவே சுருங்கிவிடுகிறது. முதுமையில் நம்மைப் பிறர் கையை எதிர்பார்க்க வைப்பவை புஜங்கள் அல்ல. தொடையும் இடுப்பும் முதுகும்தாம். தரையில் உட்கார்ந்து எழுவது, பேருந்தின் முதல் படியில் கால்வைத்து ஏறுவது, இந்தியக் கழிப்பறையிலிருந்து குழாயைப் பிடிக்காமல் எழுவது ஆகிய எல்லாவற்றுக்கும் கால்தான் கூலி கொடுக்கிறது. உடம்பின் மொத்த எடையையும் நாள்தோறும் சுமக்கும் காலுக்கு 3 கிலோ டம்பெல் எந்தச் செய்தியையும் சொல்வதில்லை.

ஆயினும் வீட்டுப் பயிற்சியை நான் தள்ளிவிடவில்லை. தள்ளவேண்டியது அந்த நிலையான எடை டம்பெல்களைத்தான். வீட்டிலேயே மிக நுணுக்கமாகக் கூட்டக்கூடிய இரண்டு எடைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் விலை கிடையாது.

முதலாவது, நாற்காலியின் உயரம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது காலுக்கான முழுமையான எடைப் பயிற்சி. தூக்கும் எடை நம்முடைய உடம்பு. முடியாதவர் நாற்காலியில் இரண்டு கெட்டியான தலையணையோ மடித்த ஜமக்காளமோ வைத்து இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். 10 முறை தடையின்றி எழ முடிந்ததும் ஜமக்காளத்தில் ஒரு மடிப்பைக் குறைக்கலாம். ஒரு மடிப்பு என்பது 2 அல்லது 3 சென்டிமீட்டர். இத்தனை சிறிய படியை எந்த மிஷினும் தருவதில்லை. மொசைக் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் அதைச் சுவரோடு ஒட்டிப் போடவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இரண்டாவது, தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கைப்பிடியும் மூடியும் உள்ள 5 லிட்டர் எண்ணெய் கேன்கள் இரண்டைக் கழுவி வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் ஒன்றரை லிட்டர் ஊற்றித் தொடங்கி, வாரத்துக்குக் கால் லிட்டராகக் கூட்டி, தரையிலிருந்து எடுத்து நிமிரும் பயிற்சியைச் செய்யலாம். நான் முதல் 10 வாரம் இப்படித்தான் செய்தேன். அரைக்குடம் தளும்பும் என்பதால் பாதி நிரம்பிய கேன் கொஞ்சம் ஆட்டம் காட்டும்; முதல் வாரத்தில் அது எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. கேன் நிறைந்து, 10 கிலோவை எளிதாகத் தூக்கும் நாள் வந்ததும் இந்த வழி முடிவுக்கு வருகிறது. அதற்குமேல் வாளியும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் இருக்கின்றன என்று சொல்லலாம்தான், ஆனால் அவற்றின் கைப்பிடியும் வடிவமும் முதுகை வளைக்கவைப்பவை.

பயிற்சிக்கென்றே விற்கும் நீளமான ரப்பர் பேண்டையும் வீட்டுக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும். ஜன்னல் கம்பியில் மாட்டி, உட்கார்ந்தபடி நெஞ்சை நோக்கி இழுக்கும் பயிற்சிக்கு அதைப்போல எளிய கருவி இல்லை. டம்பெல்லால் சரிவரச் செய்யமுடியாத இழுக்கும் வேலையை இது செய்துவிடுகிறது. ஆனால் பேண்டின் விசை இழுக்க இழுக்கக் கூடுவதால் இன்று எத்தனை கிலோ இழுத்தோம் என்று யாராலும் சொல்லமுடியாது. நிறத்துக்கு நிறம் விசை மாறும், கம்பெனிக்குக் கம்பெனி அந்த நிறமும் மாறும். நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிப்புவிடும் என்பதால் மாதம் ஒருமுறையாவது நீட்டிப் பார்த்துக்கொள்ளவேண்டும். அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

இனி ஜிம் மிஷின்கள். வயதானவர்களை ஜிம்மில் சேர்த்தவுடன் மாஸ்டர் கொண்டுபோய் உட்காரவைப்பது இவற்றில்தான், அதில் தவறும் இல்லை. முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தள்ளுவதாலும் இழுப்பதாலும் தடுமாறி விழும் அச்சம் இல்லை. முடியாமல் போனால் விட்டுவிடலாம், எடை நம்மேல் விழாது. என் கணவரின் தேய்ந்த முழங்கால்களுக்கு, உட்கார்ந்தபடி காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மிஷின்தான் வழிவிட்டது. முழங்காலை எவ்வளவு மடக்குவது என்பதை இருக்கையை நகர்த்தித் தீர்மானிக்கமுடிகிறது என்பதால், வலிக்காத அளவுக்குள் நின்று எடையை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பதை நான்கு மாதத்தில் விட்டார். ஒரே ஆளை வைத்து எதையும் நிறுவமுடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு டம்பெல் ஏழு மாதத்தில் தராததை அந்த மிஷின் தந்தது.

படியின் உயரம் என்ற அளவுகோலில் மிஷின் இரண்டு முகம் காட்டுகிறது. அடுக்கில் உள்ள ஒவ்வொரு தகடும் பெரும்பாலும் 5 கிலோ. லெக் பிரஸ்ஸில் 40-இலிருந்து 45-க்குப் போவது 12.5 சதவீத ஏற்றம், தாங்கக்கூடியதே. அதே 5 கிலோ தகடு தோளுக்கான மிஷினில் 5-இலிருந்து 10-க்குத் தாவும்போது இரு மடங்கு. எனவே காலுக்கு மிஷின் நல்ல ஆசிரியர், தோளுக்கும் கைக்கும் மோசமான ஆசிரியர். பெண்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெரும்பாலான மிஷின்கள் உயரமான ஆண்களின் உடம்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஐந்தடிக்குக் குறைவான எனக்குப் பல இருக்கைகளில் கால் தரையைத் தொடுவதில்லை, கைப்பிடிகள் தோளுக்கு மேலே நிற்கின்றன. முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டும் காலுக்கடியில் ஒரு பலகையும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்தால் மூட்டு தவறான கோணத்தில் சுமை வாங்குகிறது. ஒரு ஜிம்மின் 30 கிலோ இன்னொரு ஜிம்மின் 30 கிலோ அல்ல என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்; கப்பிகளின் அமைப்பு மாறினால் கனமும் மாறும்.

மிஷினில் பெற்ற வலிமை வாழ்க்கைக்கு உதவாது என்று ஜிம்மில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது மிகை. மிஷினையும் தனி எடைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தசை வளர்ச்சியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. எதில் பழகுகிறோமோ அதில் அளக்கும்போது வலிமை சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவே. முன்னே சொன்ன 90 வயதுக்காரர்கள் பயிற்சி செய்ததும் உட்கார்ந்த நிலையில், கப்பியில் கட்டிய எடையைக்கொண்டுதான்.

மூன்றாவது வழி பார்பெல்: இரு முனையிலும் பிளேட் எனப்படும் எடைத் தட்டுகளை மாட்டி, இரண்டு கையாலும் தூக்கும் நீண்ட இரும்புக் கம்பி. எங்கள் ஜிம் வழக்கில் ராடு. இதைப்பற்றித்தான் நான் அதிகம் எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் அறுபது வயதுப் பெண்ணுக்கு இதைப் பரிந்துரைக்க எவரும் முன்வருவதில்லை. நான் சேர்ந்த முதல் ஜிம்மில் மாஸ்டராக இருந்த இளைஞர், அன்பானவர்தான், மூன்று மாதமும் என்னை ட்ரெட்மில்லிலும் ஒரு கிலோ டம்பெல்லிலுமே நிறுத்திவைத்தார். எடையைக் கூட்டலாமா என்று கேட்டபோதெல்லாம், “உங்களுக்கு இது போதும் ஆன்ட்டி” என்றார். எலும்புக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும், “அப்படின்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்” என்று ஒரு கிலோவை அரைக் கிலோவாகக் குறைத்தார்.

எலும்பைப் பொறுத்தவரை நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறானது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் ‘லிஃப்ட்மோர்’ என்ற பெயரில் நடத்திய ஆய்வில், மாதவிடாய் நின்றுபோன, எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைக் கடந்த 101 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் 8 மாதம், வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மட்டும் பயிற்சியாளரின் கண்முன்னே பார்பெல் தூக்கினார்கள்: தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட், தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்குமேல் தூக்குவது ஆகிய மூன்றும், கூடவே குதித்து இறங்கும் ஒரு பயிற்சியும். எடையோ அதிகபட்ச வலிமையில் 85 சதவீதத்துக்கு மேல், ஒவ்வொன்றும் 5 செட், செட்டுக்கு 5 முறை. மற்றப் பிரிவினர் வீட்டிலேயே இலேசான பயிற்சி செய்தார்கள். முடிவில் பார்பெல் பிரிவினரின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. வீட்டுப் பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சியால் நேர்ந்த உபாதை என்று பதிவானது ஒருவருக்கு வந்த இலேசான முதுகுப் பிடிப்பு மட்டுமே.

இந்த எண்களைப் படித்துவிட்டு மறுநாளே போய் ராடைத் தூக்கிவிடக்கூடாது. அந்தப் பெண்கள் முதல் ஒரு மாதம் வெறும் உடம்பாலும் இலேசான எடையாலும் அசைவுகளை மட்டும் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் தெரிந்த ஒருவர் நின்றார். இந்த இரண்டு நிபந்தனைகளையும் கழித்துவிட்டால் பார்பெல் வழியின் நன்மையையும் சேர்த்துக் கழித்தவர்களாவோம். 2024-இல் பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயதுப் பாட்டி ஒருவர் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ டெட்லிஃப்ட் தூக்கிய செய்தியை எனக்கு அனுப்பாத உறவினர் இல்லை. மகிழ்ச்சிதான், ஆனால் அரிசி மூட்டையையும் தண்ணீர்க் குடத்தையும் காலமெல்லாம் தூக்கி உரமேறிய முதுகு அவருடையது, 35 ஆண்டு கரும்பலகைமுன் நின்ற முதுகு என்னுடையது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை.

படியின் உயரத்தில் பார்பெல்லுக்கு இணையாக எதுவும் இல்லை, ஆனால் அதன் முதல் படிதான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒலிம்பிக் ராடு ஒன்றின் எடை, பிளேட் எதுவும் மாட்டாமலே, 20 கிலோ. பெண்களுக்கான 15 கிலோ ராடு எங்கள் ஊர் ஜிம்களில் நான் பார்த்தவரை இல்லை. 20 கிலோவைத் தரையிலிருந்து எடுப்பது சில மாதத்தில் கைகூடும். தலைக்குமேல் தூக்குவது பல பெண்களுக்குக் கைகூடாமலே போகலாம். அதற்காக ஜிம் மூலையில் கிடக்கும் 7, 8 கிலோ குட்டை ராடைத் தேடி எடுக்கவேண்டும். டெட்லிஃப்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர் என்பதால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தொடக்கநிலையில் மாட்டும் சிறிய பிளேட்டுகளோடு அது கணுக்காலுக்குக் கிட்டே படுத்துவிடுகிறது, அங்கிருந்து குனிந்து எடுப்பதுதான் முதுகுக்கு ஆபத்து. இரு பக்கமும் ஸ்டெப் பலகைகளை அடுக்கி ராடை முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி உயர்த்திவைத்து, மாதத்துக்கு ஒரு பலகையாகக் குறைப்பதே முறை. இதைச் சொல்லாமலே செய்யும் மாஸ்டரைக் கண்டால் அவரை விட்டுவிடாதீர்கள்.

அந்த வாசலைத் தாண்டிவிட்டால் கணக்கு நம் பக்கம். இரு பக்கமும் 1.25 கிலோ பிளேட் மாட்டினால் 2.5 கிலோ கூடும். 20-இல் அது 12.5 சதவீதம், 40-இல் 6.25 சதவீதம். எடை கூடக் கூடப் படி தாழ்ந்துகொண்டே போகிறது. நிலையான டம்பெல் வரிசையிலும் சதவீதம் குறையத்தான் செய்யும், ஆனால் நமக்குத் தேவைப்படும் காலத்தில் அது குறைவதில்லை.

பூங்காக்களில் மாநகராட்சி நிறுவியிருக்கும் இரும்புக் கருவிகளைச் சிலர் கேட்பார்கள். மூட்டுகளை அசைத்துவிட நல்லவை. எடையை மாற்றும் வசதி பெரும்பாலானவற்றில் இல்லாததால் இந்த ஒப்பீட்டில் இடம்பெறாதவை. கர்லாக்கட்டை அழகான பயிற்சி, ஆனால் தோளைச் சுழற்றிச் செய்வது. சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் தோள் இறுக்கம் உள்ளவர்கள் அதில் தொடங்கக்கூடாது, காலுக்கும் அதில் வேலை குறைவு. தென்மாவட்டங்களில் பொங்கலுக்குத் தூக்கும் கல்லுக்கோ பெயரிலேயே வயது வரம்பு எழுதியிருக்கிறது, இளவட்டக்கல் என்று. தினமும் நடக்கிறேனே, போதாதா என்பவர்களுக்கு ஒரு செய்தி: உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நடை போன்றவற்றுக்கு ஒரு கணக்கையும், தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கு வாரம் குறைந்தது இரண்டு நாள் என்று தனிக் கணக்கையும் வைத்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றில் வரவு வைக்கமுடியாது.

எந்த வழியானாலும் முதலில் மருத்துவரிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியவர்கள் உண்டு. நெஞ்சுவலியோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு கண்டவர்கள் ஆகியோர் கேட்காமல் தொடங்கக்கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சிக்குப் பிறகு சர்க்கரை இறங்கலாம். பையில் வெல்லமோ குளுக்கோஸோ இருக்கவேண்டும். மூச்சை அடக்கித் தூக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விடவேண்டும். கனடாவில் நடத்தி 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சைப் பிடித்துக் கடைசிவரை லெக் பிரஸ் செய்த இளம் பாடிபில்டர்களின் ரத்த அழுத்தம் அந்தச் சில நொடிகளில் சராசரியாக 320/250 வரை ஏறியதை நேரடியாகத் தமனியிலேயே அளந்தார்கள். அவர்கள் இளைஞர்கள், தாங்கினார்கள். தூக்கும்போது வாய்வழியாக மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினால், இன்னும் இரண்டு முறை தூக்கமுடியும் என்ற நிலையிலேயே நிறுத்தினால், நாம் அந்த உயரத்துக்குக் கிட்டேயும் போகவேண்டியதில்லை.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் கேனும் நாற்காலியும் இலவசம். எங்கள் பகுதியில் சாதாரண ஜிம்முக்கு மாதம் 1,000 ரூபாய் ஒட்டியும், தனிப்பட்ட மாஸ்டர் வேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கும் ஆகிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் பாதி விலை என்று ஆசைகாட்டுவார்கள். முதல் மூன்று மாதத்துக்கு மாதாமாதம் கட்டுவதே நல்லது, ஏனெனில் அந்த மூன்று மாதத்தில்தான் மாஸ்டர் எடையைக் கூட்டுபவரா, எண்ணிக்கையை மட்டும் கூட்டுபவரா என்பது தெரியவரும். பெண்களுக்கு ஒரு வசதி: காலை 10 மணிக்குமேல் லேடீஸ் டைம் என்று ஒதுக்கும் ஜிம்களில் அந்நேரம் ராடு வைக்கும் இடம் காலியாகவே இருக்கும், எல்லாரும் ட்ரெட்மில்லுக்குப் போய்விடுவதால்.

சாப்பாட்டில் புரதம் இல்லாமல் எந்த வழியும் பலன் தராது என்பது உண்மைதான். ஆனால் ஃபியாட்டரோன் குழுவினர் 1994-இல் 100 முதியவர்களைக்கொண்டு செய்த அடுத்த ஆய்வில், பயிற்சி இல்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் வலிமை கூடவில்லை. இந்தியர்களுக்கான பொதுப் பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும் என்பது முதுமை மருத்துவ வல்லுநர்கள் பலரின் கருத்து, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நீங்கலாக. 55 கிலோ எடையுள்ளவருக்கு அது 55 முதல் 66 கிராம். இரண்டு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் அதில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத்தான் தாண்டும். முட்டையோ தயிரோ சுண்டலோ மீனோ ஒவ்வொரு வேளையிலும் இருக்கவேண்டும்.

இப்போது தீர்ப்பு. தொடங்குமுன் ஒரு நாற்காலியில் கைகட்டி 5 முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். தசை இழப்பை ஆராயும் ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த வரையறைப்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அது குறைபாட்டின் அறிகுறி. அந்த நிலையில் இருப்பவரும், கைகளை ஊன்றாமல் எழவே முடியாதவரும் ஜிம்முக்குப் போய்ப் பணம் கட்டவேண்டாம். நாற்காலியும் ஜமக்காளமும் ஜன்னல் கம்பியில் ஒரு பேண்டும் இரண்டு மாதத்துக்குப் போதும், முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டை இரண்டு மூன்று முறை வரவழைத்துக் காட்டிக்கொள்ளலாம். முழங்கால் தேய்ந்தவர்கள், தடுமாறி விழும் அச்சம் உள்ளவர்கள், தனியாகப் பயிற்சி செய்யவேண்டியவர்கள் மிஷினுக்குப் போகட்டும்; கால், முதுகு இரண்டுக்கும் அதைப் பயன்படுத்தி, தோளுக்கு மட்டும் தண்ணீரையோ பேண்டையோ வைத்துக்கொள்ளட்டும். எலும்பு மெலிந்த, ஆனால் முறிவு காணாத, நன்றாக நடமாடுகிறவர்களுக்கு என் தேர்வு பார்பெல்தான், பொறுமையாகக் கற்றுத்தரும் ஒருவர் கிடைத்தால், கிடைக்காவிட்டால் மிஷின். நிலையான எடை டம்பெல் ஜோடிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. பிளேட் மாட்டி எடையை மாற்றக்கூடிய டம்பெல் கம்பி என்றால் அது வேறு கதை, அதை வாங்கலாம்.

நான் இப்போது ஸ்டெப் பலகைகளின் மேலிருந்து 45 கிலோ எடுக்கிறேன். வாசலில் இறக்கிவிட்டுப் போகும் 26 கிலோ அரிசி மூட்டையைச் சமையலறைவரை நானே கொண்டுபோகிறேன். ஏறக்குறைய 30 கிலோ வரும் சிலிண்டரை இன்னும் உருட்டத்தான் செய்கிறேன், அதன் வளையத்தில் கைக்குப் பிடிமானம் போதவில்லை. தலைக்குமேல் தூக்குவதில்தான் பல மாதம் முடங்கிக் கிடந்தேன். 8 கிலோ குட்டை ராடுக்கு அடுத்தது இரு பக்கமும் 1.25 சேர்த்து 10.5 கிலோ, 31 சதவீத ஏற்றம், தோள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பிசியோதெரபிஸ்டுகள் கணுக்காலில் கட்டும் அரைக் கிலோ மணல் பட்டைகளை வாங்கிவந்து, ராடின் இரு முனையிலும் ஒவ்வொன்றைச் சுற்றி 9 கிலோ ஆக்கினேன். “என்னம்மா, ராடுக்குக் கொலுசு மாட்டியிருக்கீங்க?” என்று இப்போதைய மாஸ்டர் சிரித்தார். அந்தக் கொலுசோடு 9, 10, 10.5, 11.5 என்று வந்திருக்கிறேன். அடுத்தது 12.5.